வீட்டுத் தொலைநோக்கியில் நிலாப் படம்: போனா, டிஎஸ்எல்ஆரா, யூஎஸ்பி கேமராவா?

நிலாவைப் படம் எடுக்க வெளிச்சம் ஒரு பிரச்சினையே இல்லை. நெபுலா, காலக்ஸி என்று போகிறவர்கள்தான் ஊர் வெளிச்சத்தை விட்டு மலைப்பக்கம் ஓட வேண்டும். நிலா நல்ல வெயிலில் கிடக்கிற பாறை, தெருவிளக்கு எத்தனை எரிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, அதனால் தி.நகர் மொட்டை மாடியும் வானோக்கு நிலையம் இருக்கிற காவலூர் மலையும் இந்த விஷயத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘பெரிய சென்சார் வேண்டும், விலை உயர்ந்த கேமரா வேண்டும்’ என்று ஆரம்பிக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் ட்ரைபாட் எப்படி இருக்கிறது என்று. நிலாப் படத்தைக் கெடுப்பது ஆட்டம். கை ஆட்டம், ட்ரைபாட் ஆட்டம், அப்புறம் நம் தலைக்கு மேல் இருக்கிற காற்றின் ஆட்டம். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த மூன்றையும் அது எப்படிச் சமாளிக்கிறது என்பதை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

இது யாருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்ன தொலைநோக்கி இருக்கிறது, 70 மி.மீ. லென்ஸ் வைத்ததோ 114 அல்லது 130 மி.மீ. கண்ணாடி வைத்ததோ, பிள்ளைக்கென்று வாங்கி இப்போது அலமாரி மேல் தூங்குகிறது, அதில் இன்னும் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ போட்டால் உருப்படியான நிலாப் படம் வருமா என்று யோசிக்கிறவர்களுக்கு. வரும். என் தீர்ப்பு இதுதான்: முதல் செலவு போனைப் பிடித்து வைக்கும் அடாப்டருக்கு. டிஎஸ்எல்ஆர் வீட்டில் கிடந்தால் பயன்படுத்துங்கள், நிலாவுக்காகப் புதிதாக வாங்காதீர்கள். பள்ளங்களை நெருங்கிப் பார்க்கும் ஆசை வந்து, தொலைநோக்கியும் 114 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் யூஎஸ்பி கேமரா. ஏன் என்பதைத்தான் இனி பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சின்ன கணக்கு, இது தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். வானத்தில் நிலாவின் அகலம் சுமார் அரை டிகிரி. தொலைநோக்கியின் குவியத் தூரத்தை, அதாவது லென்ஸிலிருந்து பிம்பம் விழும் இடம் வரையுள்ள தூரத்தை, 110ஆல் வகுத்தால் அது உண்டாக்கும் நிலா பிம்பத்தின் அளவு ஏறக்குறைய வந்துவிடும். குவியத் தூரம் 700 மி.மீ. உள்ள குழாயில் 6.4 மி.மீ., 900இல் 8.2 மி.மீ., 1500இல் 13.6 மி.மீ. பெட்டியில் ‘525 மடங்கு’ என்று அச்சடித்திருப்பதை மறந்துவிடுங்கள். இந்த மில்லிமீட்டரும் உங்கள் சென்சாரின் அளவும்தான் பேச வேண்டும்.

இன்னொன்று குழாயின் வாயகலம், அதாவது ஒளியை வாங்கும் லென்ஸின் அல்லது கண்ணாடியின் அகலம். எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 70 மி.மீ.யில் நிலாவில் சுமார் 3 கிலோமீட்டர் அளவுள்ள விஷயங்கள் வரை பிரித்துப் பார்க்கலாம், 130இல் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் வரை, அதுவும் காற்று ஒத்துழைத்தால். சந்திரயான்-3 இறங்கிய இடம் தெரியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. தென் துருவத்துக்கு அருகே அந்தப் பகுதியைக் காட்டலாம், லேண்டரைக் காட்ட முடியாது. அது இரண்டு மீட்டர் அகலமுள்ள பெட்டி, பூமியிலிருந்து எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாது.

போன்: கையில் பிடித்தா, அடாப்டர் போட்டா?

ஐபீஸுக்கு, அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸுக்கு, மேல் போனைக் கையால் பிடித்து எடுப்பது இலவசம். ஒரு தடவை எல்லோரும் எடுத்துப் பார்க்க வேண்டியதுதான், குழந்தைகளுக்குக் காட்டவும் வாட்ஸ்அப்பில் போடவும் அது போதும். ஆனால் ஐபீஸிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம்தான், அதற்கு நேராகப் போன் லென்ஸ் நிற்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் கறுப்பாக மறைந்துவிடும். இருபது முப்பது தட்டினால் ஒன்று சரியாக வரும், அதையே மறுபடி எடுக்க முடியாது.

அடாப்டர் போட்டதும் கதை மாறுகிறது. ஆயிரம் ரூபாய் வாக்கிலிருந்து கிடைக்கிறது, கடைக்குக் கடை விலை மாறும். இரண்டு வகை உண்டு. ஒன்று போனை நடுவில் இறுக்கிப் பிடிக்கும் கிளிப் மாதிரியானது. மலிவு, ஆனால் பெரும்பாலும் பவர் பட்டனையோ வால்யூம் பட்டனையோ சேர்த்து அழுத்தித் தொலைக்கும், இன்றைய கனமான போன்களைத் தாங்கவும் திணறும். இன்னொன்று மேலும் கீழும் பக்கவாட்டிலும் முன்பின்னும் திருகாணியால் நகர்த்திச் சரிசெய்யக்கூடியது. விலை கூடுதல்தான், ஆனாலும் வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும். ஒருமுறை லென்ஸை நேராக நிறுத்திவிட்டால் இரவு முழுக்க அப்படியே நிற்கும்.

ஐபீஸில் 25 அல்லது 20 மி.மீ. போட்டுத் தொடங்குங்கள். 900 மி.மீ. குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் என்றால் 36 மடங்கு, முழு நிலாவும் சுற்றிக் கொஞ்சம் வானமும் வரும், கண் வைக்கும் தூரமும் தாராளமாக இருப்பதால் போன் லென்ஸுக்கு வசதி. பெட்டியோடு வரும் 4 மி.மீ. ஐபீஸையும் பிம்பத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் இழுப்பறையில் போட்டு மூடுங்கள். பெரிய நிலா வேண்டும் என்று அவற்றை மாட்டினால் மங்கலும் ஆட்டமும்தான் பெரிதாகும்.

போனில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. புரோ மோட், ஐஎஸ்ஓ 50 அல்லது 100, 1/125 நொடியில் ஆரம்பித்து, நிலாவின் பள்ளங்கள் வெளுத்துப் போகாத அளவுக்குக் கூட்டிக் குறைக்கலாம். ஃபோகஸை நிலாவின் விளிம்பில் வைத்துப் பூட்டுங்கள். 1x லென்ஸ் மட்டும் போதும், போன் தானாக மேக்ரோவுக்கோ வைடுக்கோ தாவாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நைட் மோட், எச்டிஆர், ‘ஏஐ’ வகையறா எல்லாம் அணையட்டும். திரையைத் தொட்டாலே தொலைநோக்கி ஆடும், அதனால் மூன்று நொடி டைமர், இல்லாவிட்டால் பழைய கம்பி இயர்போனின் வால்யூம் பட்டன், பல போன்களில் அது ஷட்டராக வேலை செய்யும். 2023 மார்ச்சில் சாம்சங் போன்களின் நிலாப் படம் பற்றி எழுந்த சர்ச்சை நினைவிருக்கலாம், ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் போட்டுப் போனால் எடுக்க, போன் இல்லாத நுணுக்கத்தைத் தானே சேர்த்துக் காட்டியது. நீங்கள் இவ்வளவு பாடுபட்டு எடுக்கிற படம் உங்கள் லென்ஸ் பார்த்ததாகவே இருக்கட்டும்.

இப்படி எடுக்கும் படத்தில், 12 மெகாபிக்சல் போனில் 36 மடங்கில், நிலா சுமார் ஆயிரம் பிக்சல் அகலத்துக்கு வரும். ஏ4 தாளில் பாதி அளவுக்கு அச்சடிக்கத் தாங்கும்.

ஆனால் போனின் உண்மையான பலம் வீடியோ. காற்றின் ஆட்டத்தை எந்த அடாப்டரும் நிறுத்தாது. நிலாவின் விளிம்பு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிவதை ஐபீஸிலேயே பார்க்கலாம். அந்த நெளிவுக்கு நடுவே சில கணங்கள் காற்று சும்மா இருக்கும். ஒரு நிமிடம் 4கே வீடியோ எடுத்தால் நொடிக்கு 30 வீதம் 1,800 படங்கள், அதில் நல்லவை பத்து சதவீதம் இருந்தாலும் 180 படங்கள். அவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் இரைச்சல் அடங்கி, கூர்மைப்படுத்தத் தாங்குகிற ஒரு படம் கிடைக்கும். பிப் என்ற மென்பொருள் போன் வீடியோவை மாற்றிக் கொடுக்கும், ஆட்டோஸ்டாக்கர்ட் பொறுக்கி அடுக்கும், ரெஜிஸ்டாக்ஸ் கூர்மையாக்கும். மூன்றும் இலவசம், மூன்றும் விண்டோஸில் ஓடும், ஐந்தாறு வருடப் பழைய லேப்டாப் போதும். ஒற்றைப் படமாக எடுத்த டிஎஸ்எல்ஆர் படத்தைவிட, அடுக்கிய போன் வீடியோ பல இரவுகளில் நன்றாக வரும். போன் வீடியோவைச் சுருக்கித்தான் சேமிக்கும், கொஞ்சம் நுணுக்கம் அதில் போகும், உண்மைதான். ஆனால் ஏற்கெனவே பாக்கெட்டில் இருக்கிற கருவிக்கு இது மோசமில்லை.

டிஎஸ்எல்ஆர்: இருந்தால் சரி

தொலைநோக்கியையே லென்ஸாக மாற்றுவது இந்த வழி. ஐபீஸ் கிடையாது, கேமரா லென்ஸும் கிடையாது. உங்கள் கேமராவில் லென்ஸ் இருக்கும் இடத்தில் மாட்டும் டி-ரிங் என்ற வளையம் ஒன்று, ஐபீஸ் இருக்கும் இடத்தில் செருகும் ஒன்றேகால் அங்குல மூக்கு ஒன்று, இரண்டும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். கேனனுக்கு ஒரு ரிங், நிக்கானுக்கு ஒரு ரிங், மிரர்லெஸ் என்றால் வேறு, பார்த்து வாங்க வேண்டும்.

இதன் வசதி, முழு நிலாவும் ஒரே ஷாட்டில், நல்ல அளவில். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் சென்சார் அளவு) கேமராவில் 900 மி.மீ. குழாய் என்றால் நிலா 2,100 பிக்சல் அகலத்துக்கு வரும், போனைப் போல் இரண்டு மடங்கு. சென்சார் பதிந்ததை அப்படியே தரும் ரா கோப்பு கிடைப்பதால் வெளிச்சமான மேட்டுப் பகுதியையும் நிழலோரத்தையும் ஒன்றாகக் காப்பாற்றலாம். கிரகணம் எடுக்க நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை, கிரகணத்தின்போது மட்டும் நிலா உண்மையிலேயே இருட்டாகிவிடும், அங்கே பெரிய சென்சாருக்கு மதிப்பு உண்டு.

சிக்கல்கள் என்று பார்த்தால் எடை முதலில். கேமரா அரைக் கிலோவுக்கு மேல். மலிவு 70 மி.மீ. குழாய்களின் ஃபோகஸர் பாதி பிளாஸ்டிக், கேமராவை மாட்டியதும் தொங்கும், ஃபோகஸ் திருகும்போது பிம்பம் ஒரு பக்கமாக நழுவும். டிஎஸ்எல்ஆரின் உள் கண்ணாடி மேலெழும்போது வருகிற ‘டக்’கே படத்தை ஆட்டப் போதும், லைவ் வியூவில் வைத்து இரண்டு நொடி டைமர் போடுவது கட்டாயம். கண்ணாடி வைத்த நியூட்டோனியன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: பல மாடல்களில் கேமராவை மாட்டினால் ஃபோகஸே கிடைக்காது, ஃபோகஸரை முழுக்க உள்ளே திருகினாலும் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டியிருக்கும். தீர்வு, நல்ல 2x பார்லோ ஒன்றை நடுவில் போடுவது. ஃபோகஸும் கிடைக்கும், 650 மி.மீ. குழாய் 1300 ஆகி நிலாவும் பெரிதாகும். டி-ரிங் வாங்குவதற்கு முன்னால் உங்கள் மாடலில் ஃபோகஸ் வருகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், கடைக்காரரை மட்டும் நம்ப வேண்டாம்.

பழைய கேனன்களில் ஒரு ரகசியம் உண்டு. 550டியிலும் 60டியிலும் ‘மூவி கிராப்’ என்று ஒன்று இருக்கிறது, சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பிக்சலுக்குப் பிக்சல் 640×480இல் நொடிக்கு 60 படமாக எடுக்கும். 600டியில் வீடியோவுக்கான டிஜிட்டல் ஜூம் கிட்டத்தட்ட இதே வேலையை முழு எச்டியில் செய்கிறது. மற்ற டிஎஸ்எல்ஆர் வீடியோ சென்சார் முழுவதையும் சுருக்கித் தருவதால் அடுக்குவதற்குப் பெரிதாக உதவாது. ஆக, மாமா பையன் பீரோவில் 600டி சும்மா கிடந்தால் கேட்டு வாங்கி வாருங்கள். அதற்காக செகண்ட்ஹேண்டில் பத்து பதினைந்தாயிரம் போட்டு டிஎஸ்எல்ஆர் வாங்குவது நிலாவுக்கு வீண் செலவு, அந்தப் பணத்தில் பெரிய வாயகலமுள்ள குழாயே பழையதாகக் கிடைக்கலாம்.

லென்ஸ் குழாய்களில் நிலாவின் விளிம்பைச் சுற்றி ஊதா நிறம் தெரியும், கேமராவின் குற்றமில்லை, இரண்டு கண்ணாடி மட்டும் உள்ள மலிவு லென்ஸ் அப்படித்தான். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பச்சை சேனலை மட்டும் எடுத்துக்கொண்டால் பெரும்பகுதி மறைந்துவிடும். நிலாவில் நிறம் என்று பெரிதாக ஒன்றும் இல்லையே.

யூஎஸ்பி கேமரா

சின்ன டப்பா, ஐபீஸ் இருக்கும் இடத்தில் செருக வேண்டியது, கம்பி லேப்டாப்புக்குப் போகும். எடை மிகக் குறைவு, உள்ளே அசையும் பாகமே இல்லை, ஃபோகஸர் தொங்காது, கணினியிலிருந்தே எடுப்பதால் குழாயைத் தொடவே வேண்டாம். ஆட்டம் என்ற கணக்கில் பார்த்தால் முதல் மதிப்பெண் இதற்குத்தான். வேலையும் வீடியோ எடுத்து அடுக்குவது ஒன்றே.

ஸ்விபோனி எஸ்வி105 போன்ற ஆரம்ப மாடல்கள் முழு எச்டி, நொடிக்கு 30 படம், சுருக்கிய வீடியோ. எஸ்வி305, இசட்டபிள்யூஓ ஏஎஸ்ஐ120 வரிசை ஆகியவை அதற்கு மேல்படி, சுருக்காத வீடியோ தரும், விலையும் அதற்கேற்ப ஏறும். என்னைக் கேட்டால், போன் வீடியோவே சுருக்கியதுதான், பணம் கொடுத்து இன்னொரு சுருக்கிய வீடியோ வாங்குவதில் லாபம் குறைவு, கொஞ்சம் பொறுத்துச் சேர்த்து இரண்டாம் படிக்குப் போவதே மேல். கணினியில் வீடியோவைப் பதிவு செய்யும் மென்பொருளான ஷார்ப்கேப்பின் இலவசப் பதிப்பு இவற்றோடு பழகும்.

வாங்குமுன் தெரிய வேண்டியது, இந்தச் சென்சார்கள் ரொம்பச் சின்னவை. எஸ்வி305இன் சென்சார் 5.6×3.2 மி.மீ. உங்கள் 900 மி.மீ. குழாயோ 8.2 மி.மீ. நிலாவைக் கொடுக்கிறது. முழு நிலா ஒரே சட்டத்தில் வராது, ஏழெட்டுத் துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். நேரம் இருந்தால் அதுவும் ஒரு சுகம், 130 மி.மீ. குழாயில் அப்படி ஒட்டிய நிலா எந்த ஒற்றை டிஎஸ்எல்ஆர் படத்தையும் தூக்கிச் சாப்பிடும். ஆனால் முழு நிலா ஒன்றை எடுத்து ஃபிரேம் போட்டு மாட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்பவருக்கு இது தவறான கருவி. கோப்பர்நிக்கஸ் பள்ளத்தின் படிப்படியான சுவர், நடுவில் முளைத்த மலைகள், க்ளாவியஸ் பள்ளத்துக்குள் வரிசையாக வளைந்து போகும் சின்னப் பள்ளங்கள், இவற்றை நெருங்கிப் பார்க்க விரும்புகிறவருக்கு இதற்கு இணை இல்லை.

குழாய்க்கும் கேமராவுக்கும் பொருத்தம் பார்ப்பதும் முக்கியம். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து ஐந்தால் பெருக்கினால் வரும் எண்தான் தொலைநோக்கியின் எஃப் எண்ணாக (குவியத் தூரத்தை வாயகலத்தால் வகுத்தது) இருந்தால் நல்லது. 2.9 மைக்ரான் என்றால் எஃப் 15 வாக்கில். வாயகலம் 70, குவியத் தூரம் 700 என்ற 70/700 குழாய் எஃப் 10, அப்படியே செருகலாம். 130/650 எஃப் 5, அதற்கு 2x அல்லது 3x பார்லோ தேவை, அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். 70 மி.மீ. வைத்திருப்பவர் இந்தக் கேமராவுக்கு எட்டாயிரம் பத்தாயிரம் போடுவது, என் பார்வையில், அதிகம். அந்த வாயகலம் தரும் நுணுக்கத்தைப் போன் வீடியோவே முக்கால்வாசி எடுத்துவிடும்.

மொட்டை மாடியில் லேப்டாப், சார்ஜர், நீட்டிப்புக் கம்பி, கொசு, இதெல்லாமும் இந்த வழியின் செலவுக் கணக்கில் வரும். சும்மா பத்து நிமிடம் நிலாவைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம் என்பவருக்கு இது ஒத்துவராது.

கைவேலை தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: பழைய லாஜிடெக் சி270 வெப்கேமைத் திறந்து லென்ஸைக் கழற்றி, சென்சாருக்கு முன்னால் ஒன்றேகால் அங்குலக் குழல் ஒன்றை ஒட்டினால் அதுவே நிலாக் கேமரா. பழைய 35 மி.மீ. ஃபிலிம் டப்பா இந்த அளவுக்குச் சரியாகப் பொருந்தும், உங்கள் ஊர் ஸ்டுடியோவில் கேட்டால் இன்னும் ஒன்றிரண்டு கிடைக்கக்கூடும். லென்ஸோடு சேர்ந்து அகச்சிவப்பு வடிகட்டியும் போய்விடுவதால் நிறம் சிவந்து வரும், கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம். யாஹூ குழுக்கள் இருந்த காலத்தில் உலகம் முழுக்க அமெச்சூர்கள் பிலிப்ஸ் டோயூகேம் என்ற வெப்கேமை இப்படித்தான் பிரித்து மேய்ந்தார்கள். கெட்டுப்போனால் கவலைப்படாத வெப்கேம் இருந்தால் மட்டும் கை வையுங்கள்.

தொலைநோக்கியே வேண்டாம், சூப்பர்ஜூம் போதுமா?

நிக்கான் பி900, பி1000 போன்ற, லென்ஸ் கழற்ற முடியாத நீள ஜூம் கேமராக்கள் வந்த பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பி900 2000 மி.மீ.க்கு இணையான ஜூம் என்பார்கள், அதன் உண்மையான குவியத் தூரம் 357 மி.மீ., எஃப் 6.5, அதாவது வாயகலம் 55 மி.மீ. பி1000 539 மி.மீ., எஃப் 8, வாயகலம் 67 மி.மீ. ஆக இரண்டுமே நுணுக்கத்தில் ஒரு 60, 70 மி.மீ. தொலைநோக்கிதான், அதற்கு மேல் இல்லை. ஆனால் வேகம் இருக்கிறது, பையிலிருந்து எடுத்து ஒரு நிமிடத்தில் நிலா, லென்ஸுக்குள்ளேயே ஆட்டத்தைத் தணிக்கும் ஏற்பாடு, பகலில் பறவை, கோயில் கோபுரத்துச் சிற்பம் எல்லாம் எடுக்கலாம். வீட்டில் இன்னும் தொலைநோக்கியே இல்லை, வேறு பயனும் வேண்டும் என்றால் இது நியாயமான தேர்வு. பி900இல் ரா கிடையாது, பி950இல் உண்டு. ஏற்கெனவே 70 மி.மீ. குழாய் இருக்கிறவர் நிலாவுக்காக இதை வாங்கினால், இருக்கிற பொருளையே இன்னொரு தடவை வாங்கியது மாதிரி.

ட்ரைபாடும் நம் ஊர் அட்சரேகையும்

விற்பனைப் பக்கங்களில் ‘ஈக்வடோரியல் மவுண்ட், வானியல் படம் எடுக்க ஏற்றது’ என்று போட்டிருப்பார்கள். துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைத்து, வானம் சுழல்வதோடு சேர்ந்து திருப்புகிற தாங்கி அது. நிலாவுக்கு அது தேவையில்லை. பூமி சுழல்வதால் நிலா நொடிக்குச் சுமார் 15 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3,600ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) நகர்கிறது, 1/100 நொடியில் அது ஒரு பிக்சல்கூட ஆகாது. யூஎஸ்பி கேமராவிலும் 900 மி.மீ. குழாயில் சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வீடியோ எடுத்துவிடலாம், அடுக்கும் மென்பொருள் நகர்வைச் சரிசெய்துகொள்ளும்.

அதோடு இந்த மலிவு மவுண்ட்கள் ஐரோப்பா, அமெரிக்கா அட்சரேகையை மனதில் வைத்துச் செய்தவை. சென்னை 13 டிகிரி, மதுரை கிட்டத்தட்ட 10, யாழ்ப்பாணம் 9.7. அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கப் போனால் எடைக்கட்டையின் கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும், துருவ நட்சத்திரமோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும். சிங்கப்பூரில் இருப்பவர்கள் நினைத்தும் பார்க்க வேண்டாம். மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பும் சாதா மவுண்ட், இல்லாவிட்டால் தரையில் உட்காரும் டாப்சோனியன், இவைதான் நமக்கு வசதி.

இதிலும் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. வளர்பிறை அஷ்டமியன்று பொழுது சாயும் நேரத்தில் நிலா உச்சியில் இருக்கும், பல மாதங்களில் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல். லென்ஸ் குழாயை அந்த அளவுக்கு நிமிர்த்தினால் அடிப்பக்கம் ட்ரைபாட் காலில் முட்டும், அதில் போனும் தொங்கினால் கேட்கவே வேண்டாம். அவசரப்படாமல் எட்டரை, ஒன்பது மணி வரை காத்திருந்தால் நிலா மேற்கே சரிந்து வசதியான உயரத்துக்கு வந்துவிடும். பகல் முழுக்கச் சூடேறிய மாடித் தளமும் அதற்குள் கொஞ்சம் ஆறியிருக்கும், அந்தச் சூடு எழும்புவதுதான் பாதி நெளிவுக்குக் காரணம். மண் தரை கிடைத்தால் அதுவே நல்லது. ஏசி வெளி யூனிட்டுக்கு மேலாக நிலாவைப் பார்க்காதீர்கள். ஏசி அறையிலிருந்து குழாயை நேராக மாடிக்குக் கொண்டு போனால் கடலோர ஊர்களில் லென்ஸ் உடனே வியர்த்துவிடும், அரை மணி முன்னால் வெளியே வைத்துவிடுங்கள்.

ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டாமல், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் வையுங்கள். நடுத் தட்டிலிருந்து ஒரு பையில் இரண்டு செங்கலைப் போட்டுத் தொங்கவிட்டால் செலவில்லாமல் ஆட்டம் பாதியாகும். பணம் மிச்சமிருந்தால், குழாய் அனுமதித்தால், இரும்புக் கால் வைத்த நல்ல மவுண்ட். எந்தக் கேமராவைவிடவும் அது முன்னால் வர வேண்டிய செலவு. நிலா ஃபில்டர் என்று விற்பதைப் படத்துக்காக வாங்க வேண்டாம், ஷட்டர் நேரத்தைக் குறைத்தால் அதே வேலை நடக்கும்.

எந்த நாளில் எடுப்பது

பௌர்ணமியில் எடுக்காதீர்கள். அன்றைக்கு நிலாவில் நிழலே இருக்காது, பள்ளங்கள் தட்டையாகத் தெரியும், டைக்கோ பள்ளத்திலிருந்து விரியும் வெள்ளைக் கதிர்கள் மட்டும் அழகு. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில்தான் மலைகளின் நிழல் நீண்டு விழும், அந்தக் கோடு தினமும் நகர்கிறது. இதற்கு ஆப் எல்லாம் தேவையில்லை, சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் திதி இருக்கிறது. வளர்பிறை சஷ்டியில் தியோஃபிலஸ் பள்ளம், அஷ்டமி நவமியில் நேர் சுவர் என்று சொல்லப்படும் 110 கிலோமீட்டர் நீளக் கறுப்புக் கோடும் பிளேட்டோ பள்ளமும், தசமியில் 93 கிலோமீட்டர் அகலக் கோப்பர்நிக்கஸ். சில மணி நேரம் முன்னே பின்னே ஆகலாம்.

அஷ்டமி நிலா பௌர்ணமியின் பாதி வெளிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது, மொத்த ஒளியில் அது பத்தில் ஒரு பங்கு அளவுதான். எஃப் 10 குழாயில் ஐஎஸ்ஓ 100இல் பௌர்ணமிக்கு 1/125 என்றால் அஷ்டமிக்கு 1/30 பக்கம் வர வேண்டியிருக்கும், அல்லது ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்றி ஷட்டரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ட்ரைபாட் சுமாராக இருந்தால் நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிவிடும், தை முதல் சித்திரை வரை நல்ல இரவுகள் அதிகம். மழை மாதங்களில் குழாயையும் ஐபீஸையும் சிலிக்கா ஜெல் போட்ட மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் துடைக்க ஆகிற செலவு ஒரு நல்ல அடாப்டரின் விலையைத் தாண்டிவிடும்.